பூக்காத பதினோரு ஆண்டுகள்

குன்னூரில் நான் நடத்தும் ஸ்டூடியோவுக்கு பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள்கூட, சுவரில் மாட்டியிருக்கும் குறிஞ்சிப் படத்தைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அடுத்தது எப்பங்க பூக்கும்?" கொடைக்கானலிலும் மூணாறிலும் 2030 என்று சொல்வேன். கைப்பேசியை எடுத்துக் குறித்துக்கொள்வார்கள். "இந்த வருஷமே வாங்களேன், குறிஞ்சியைக் காட்டுறேன்" என்பேன். "பூவே இல்லாம அங்க எதைப் பார்க்கறது?" என்று கேட்டுவிட்டு, படத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தக் கேள்விக்கு ஸ்டூடியோ வாசலில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். 28 ஆண்டுகளாக இந்த மலைகளில் கேமராவோடு அலைகிறேன். கல்யாணப் படங்கள் சோறு போடுகின்றன. முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் மலை. இவ்வளவு நாள் அலைந்த பிறகு என் தொழில்மீது எனக்கு ஒரு குறை இருக்கிறது. மலையைப் படம் எடுக்கிற நாங்கள் பூத்த ஆண்டில் மட்டும் குறிஞ்சியைத் தேடிப் போனோம். மற்ற பதினோரு ஆண்டும் அது வேர் பிடித்து நிற்கிற புல்வெளியை யாருக்கும் காட்டவில்லை. காட்டாமல் விட்டதை மக்கள் கண்டுகொள்ளவில்லை. அப்படிக் கண்டுகொள்ளாத ஆண்டுகளில்தான் புல்வெளி நம் கையைவிட்டுப் போனது.

நீலக்குறிஞ்சி ஏறக்குறைய முழங்கால் உயரம் வளரும் செடி. விதையிலிருந்து முளைத்து, 12 ஆண்டுகள் இலையும் தண்டுமாக நின்று, ஒரே பருவத்தில் மலைச்சரிவு முழுக்கக் கூட்டமாகப் பூத்து, விதை போட்டுவிட்டுச் செத்துப்போகும். வாழ்நாளில் ஒருமுறைதான் பூ. எல்லா மலையிலும் ஒரே ஆண்டில் பூப்பதும் இல்லை. சரிவுக்குச் சரிவு கணக்கு மாறும். நீலகிரியிலேயே ஒரு பக்கம் பூத்துக் கிடக்கும்போது இன்னொரு பக்கம் பச்சையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

2006-ல் கொடைக்கானல் மலையில் முதன்முதலாகக் கூட்டப் பூப்பைப் பார்த்தேன். அஞ்சல் துறை குறிஞ்சிக்குத் தபால்தலை வெளியிட்ட ஆண்டு அது. என்னிடம் பிலிம் கேமராதான். இரண்டு ரோல், 72 படம். கழுவி வந்த படங்களைப் பார்த்து அழாத குறை. கண்ணுக்கு நீலமாகத் தெரிந்த பூ பிலிமில் இளஞ்சிவப்பாக விழுந்திருந்தது. சில நீலப் பூக்கள் நம் கண்ணுக்கு எட்டாத சிவப்பையும் திருப்பி அனுப்புகின்றன, பிலிம் அதையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. வெயிலில் அந்தப் பூ வெளிறிப்போகும். மழை விட்ட பத்து நிமிடத்தில், மேகம் மூடியிருக்கும்போது, அதே சரிவு கருநீலத்துக்கு வந்துவிடும். நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தால்தான் இது பிடிபடும்.

2018-ல் நான் செய்ததை இங்கே சொல்லியாக வேண்டும். ஆகஸ்டில் கேரள வெள்ளம். மூணாறு சாலைகள் உடைந்து கிடந்தன. அங்கே போக இருந்தவர்களெல்லாம் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சரிவைக் கண்டுபிடித்தேன். சாலையிலிருந்து இறங்கி ஐந்து நிமிட நடை. ஒரு ஏக்கர் இருக்கும், அடர்த்தியாகப் பூத்திருந்தது. எடுத்த படத்தை ஸ்டூடியோவின் இணையப் பக்கத்தில் போட்டேன். சந்தோஷத்தில் சாலையின் பெயரையும், எந்த வளைவில் வண்டியை நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால் வளைவு முழுக்க வண்டி. நாற்பதுவரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். நான் பக்கவாட்டில் கால் வைத்து, செடி ஒதுக்கி இறங்கிய இடத்தில் இரண்டு பேர் கைகோத்து நடக்கும் அகலத்துக்குப் பாதை விழுந்திருந்தது. ஒரு குடும்பம் செடிகளின் நடுவே ஜமுக்காளம் விரித்திருந்தது. ஒரு பெண் கொத்தாகப் பறித்துக் காதோரம் செருகிக்கொண்டு நின்றாள். அவள் அப்பா என்னைப் பார்த்து, "நீங்கதானே அந்த ஸ்டூடியோக்காரர்? உங்க படத்தைப் பார்த்துட்டுத்தான் வந்தோம். ரொம்ப நன்றிங்க" என்றார். மனதாரச் சொன்னார். அவர்மேல் என்ன தப்பு இருக்கிறது? வழி சொன்னவன் நான்.

பூ உதிர்ந்த பிறகுதான் செடிக்கு முக்கியமான வேலையே. மாதக்கணக்கில் விதை முற்ற வேண்டும். வெடித்து மண்ணில் விழ வேண்டும். அதற்கு முன் மிதிபட்ட செடிக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாது. அதன் 12 ஆண்டும் அங்கேயே முடிந்தது. அந்தச் சரிவில் மற்ற இடமெல்லாம் இன்று குறிஞ்சிக் கன்றுகள் நிற்கின்றன. நடுவில் அந்தத் தடம் மட்டும், தலைவகிடு எடுத்தமாதிரி, வெறும் புல்லாகத் தெரிகிறது. நீலக்குறிஞ்சி இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இடம்பெற்ற செடி, பறிப்பது குற்றம். ஆனால் ஆயிரம் பேர் பறிக்காமல் மிதித்துவிட்டுப் போனால் எந்தச் சட்டம் என்ன செய்யும்?

அன்றிலிருந்து நான் எந்தப் பூ இருக்கும் இடத்தையும் எழுதுவதில்லை. இந்தக் கட்டுரையிலும் எழுதமாட்டேன்.

சரி, பூ இல்லாத ஆண்டில் அங்கே எதைப் பார்ப்பது?

ஜூன் கடைசி வாரத்தில் போங்கள். கோடையில் பழுப்பாகக் கிடந்த புல், தென்மேற்கு மழை இறங்கிய பத்துப் பதினைந்து நாளில் பச்சை பிடிக்கும். நின்று பார்த்தால் வெறும் புல்தான். மண்டியிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இறங்கி, வயிற்றை ஈரத்தில் வைத்துக் கவிழ்ந்து படுக்க வேண்டும். அப்போதுதான் அழுகண்ணிச் செடி தெரியும். சிவந்த மெல்லிய தண்டு. குட்டி நிலா மாதிரி வளைந்த இலை. இலை விளிம்பைச் சுற்றி ஊசிமுனை ஊசிமுனையாகச் சிவப்பு ரோமங்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத் துளி. பனி என்று நினைத்து வந்து உட்கார்கிற கொசு அளவுப் பூச்சி ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை அப்படி ஒட்டிய பூச்சி ஒன்றைச் சுற்றி ரோமங்கள் மெல்ல மெல்ல வளைந்து மூடுவதை லென்ஸ் வழியாகவே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எழுந்தபோது காலில் மூன்று அட்டை. மண்ணில் சத்துக் குறைவாக இருப்பதால் பூச்சியைத் தின்று ஈடுசெய்கிற செடி அது. அந்தச் செடியைப் பார்த்தவன் அந்த மண்ணை மொட்டை நிலம் என்று சொல்லமாட்டான்.

அழுகண்ணிக்குப் பக்கத்திலேயே இளஞ்சிவப்பில் நிலத்து ஆர்க்கிட் எழுந்து நிற்கும். நீர் கசியும் ஓரங்களில் காசித்தும்பையின் காட்டு இனங்கள் பூக்கும். ஆவணி வாக்கில் நீலகிரி லில்லி, வெள்ளை நாதசுரம் போல நீண்ட பூ, புல்லுக்கு மேலே தலை நீட்டும். புல்லுக்குள்ளிருந்து ஒரு பழுப்புக் குருவி சட்டென்று கிளம்பி நாலடி தள்ளி இறங்கினால் அது நீலகிரி நெட்டைக்காலியாக இருக்கலாம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிப் புல்வெளிகளில் மட்டும் வாழ்கிற பறவை. மரம் நட்டால் அதற்கு வீடு இல்லை.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார். அத்தனை பூவின் பெயர் தெரிந்த மொழியில், இன்று மலைப் பூ என்றால் ஒரே ஒரு பூ, அதுவும் 12 ஆண்டுக்கு ஒருமுறை, என்று ஆகிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

மழைக்காலத்தில் மலையில் படம் எடுக்க முடியாது என்று நினைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த படங்களெல்லாம் மழைக்காலத்துப் படங்கள். மஞ்சு பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும்போது முதலில் தூரத்து மலை போகும், பிறகு நடு மலை, கடைசியில் நீங்கள் நிற்கிற பாறை. கேமராவுக்கு மஞ்சு பிடிபடாது, வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டி வைத்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் வரும். ஈர இலையின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் போட வேண்டும். குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது; ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்தால் லென்ஸ் வியர்க்காது. இவ்வளவுதான் வித்தை. மற்றதெல்லாம் காத்திருப்பது.

இப்போது காத்திருக்க வேண்டியதில்லை என்கிறார்கள். கைப்பேசிச் செயலி ஒரு நொடியில் மஞ்சைத் துடைத்து, எங்கிருந்தோ ஒரு நீல வானத்தைக் கொண்டுவந்து ஒட்டித் தருகிறது. கல்யாணத்துக்கு முன் படம் எடுக்க வரும் ஜோடிகள் கேட்பதே அதைத்தான். "அண்ணா, வானம் வெள்ளையா இருக்கு, மாத்திடுங்க." அவர்கள் வாழ்வின் நல்ல நாள், நான் மாற்றித் தருகிறேன். ஆனால் மலைப்படம் என்று பேர் போட்டு நான் வெளியிடுகிற எதிலும் வானத்தைத் தொடுவதில்லை. அந்த வெள்ளை வானம்தான் அழுகண்ணியை வளர்க்கிறது. அதைத் துடைத்துவிட்டு மலையைக் காட்டினால், சமவெளியில் இருக்கிறவர் மலைக்கு மழை எதற்கு என்றுதான் நினைப்பார்.

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த வாரம் நான் கேமராவைத் தொடவில்லை. மண் சரிந்து வீடுகளும் உயிர்களும் போன வாரம் அது. அதற்குப் பிறகு மேகம் கறுத்து வரும்போது எனக்கு அழகும் பயமும் சேர்ந்தேதான் தெரிகின்றன.

நவம்பர் கடைசியில் நீர்ப்பனி, அதன்பின் உறைபனி. விடியற்காலை புல் முழுக்க உப்புத் தூவியதுபோல் வெள்ளை. வெயில் பட்ட அரைமணியில் அத்தனையும் கரைந்து, புல் கருகிய நிறத்துக்கு வரும். இந்தக் கருகல்தான் புல்வெளியின் காவல்காரன். சோலை மரக்கன்றுகளை உறைபனி கருக்கிவிடுகிறது. புல்லுக்கோ வேரில் உயிர் இருக்கிறது. சோலைகள் மலை மடிப்புகளுக்குள் ஒடுங்கி நிற்பதற்கும் மேட்டில் புல் விரிந்து கிடப்பதற்கும் இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். காட்டை யாரோ வெட்டியதால் வந்த புல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. சோலையும் புல்லும் பல்லாயிரம் ஆண்டுகளாக இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. பனி முற்றிய நாட்களில், எல்லாம் பழுப்பாகக் கிடக்கும்போது, அங்கொன்றும் இங்கொன்றுமாக ரோடோடென்ட்ரான் மரங்கள் ரத்தச் சிவப்பில் பூக்கும். காட்டுப்பூவரசு என்றும் அதைச் சொல்வார்கள். பழுப்புச் சரிவில் ஒற்றைச் சிவப்பு மரம். அதைப் படம் எடுக்க ஆள் வந்து நான் பார்த்ததில்லை; சீசன் முடிந்திருக்கும்.

இனி என் அப்பாவின் படத்துக்கு வருகிறேன்.

ஸ்டூடியோவை ஆரம்பித்தவர் அவர்தான். இரட்டைக் கண் யாஷிகா வைத்திருந்தார். 1976-ல், ஒரு எஸ்டேட் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில், ரோலில் மிச்சமிருந்த கடைசிப் படத்தைச் சாலையோர மைல்கல் பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறார். கறுப்பு வெள்ளை. எதிரே மூன்று மடிப்பாக மலை. மடிப்புகளுக்குள் கறுப்பாகச் சோலை, மற்ற இடமெல்லாம் புல். கீழ் மூலையில் நாலைந்து எருமைகள். அவ்வளவுதான். யாருக்கும் விற்காத படம். அவர் இறந்த பிறகு நெகட்டிவ் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தது.

மைல்கல்லைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதே இடத்தில் நின்றேன். எதிரே மலை தெரியவில்லை. சீகை மரம். முதல் மடிப்பு முழுக்க, இரண்டாம் மடிப்பில் முக்கால்வாசி சீகை. அதன் பின்னால் கற்பூர மரம். மூன்றாம் மடிப்பின் உச்சியில் மட்டும் ஒரு கைக்குட்டை அளவுக்குப் புல்.

சீகை என்கிற வாட்டிலும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. கற்பூர மரத்தை 1843-லேயே நீலகிரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் விறகுக்கு, பிறகு தோல் பதனிட சீகைப் பட்டைக்கு, சுதந்திரத்துக்குப் பிறகு காகிதத்துக்கும் செயற்கைப் பட்டுக்கும் கூழ் வேண்டும் என்று வனத்துறையே புல்வெளிகளில் நட்டது. புல்வெளி என்றால் கணக்கில் தரிசு. தரிசில் மரம் நட்டால் யார்தான் தப்பென்று சொல்வார்கள்? பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. 40 ஆண்டுகளில் அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது அது. சோலைகளின் பரப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பெரும்பாலும் போனது புல்தான்.

இந்த 40 ஆண்டுகளில் மலைகளைப் படம் எடுத்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? பைன் மரத் தோப்புகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். நேராக நிற்கும் தண்டுகள், நடுவே கம்பி கம்பியாக இறங்கும் வெயில், கீழே ஒரு செடியும் முளைக்காத சருகுத் தரை. சினிமாவும் அங்கேதான் பாட்டு எடுத்தது. நாங்களும் ஜோடிகளை அங்கேதான் நிறுத்தினோம். ஊட்டி என்றால் பைன், கொடைக்கானல் என்றால் பைன் என்று தமிழ்நாட்டுக்கே கற்றுக்கொடுத்தது கேமராதான். நட்டுவைத்த மரத்தை இயற்கை என்றும், இயற்கையாக இருந்த புல்லை வெற்றிடம் என்றும் காட்டிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தங்கும் விடுதிக்காரர்கள் காலண்டருக்குப் பன்னிரண்டு படம் கேட்டார்கள். மாதத்துக்கு ஒன்றாக, ஒரே புல்வெளியின் ஓராண்டைக் கொடுத்தேன். ஜனவரிக் கருகல், மார்ச்சில் நெருப்பு தின்ற கரி, ஜூன் பச்சை, அக்டோபர் இடி மேகம். மேலாளர் பொறுமையாகப் புரட்டினார். "படம் நல்லாத்தான் இருக்குங்க. ஆனா எல்லாம் மொட்டை மலையா இருக்கே. கொஞ்சம் மரமா பார்த்துக் குடுங்க" என்றார். வேறு யாரிடமோ வாங்கிக்கொண்டார்கள். அட்டைப்படம், சீகை பூத்த மஞ்சள் மலை. பார்க்க அழகுதான். அந்த மஞ்சளுக்குக் கீழே என்ன இருந்தது என்பது தெரிந்தவனுக்கு அந்தக் காலண்டரை வீட்டில் மாட்ட மனம் வராது.

மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். நாவலாசிரியர் மாதவையாவின் மகன். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதியவர். வெவ்வேறு கேமராப் பாகங்களைத் தானே கோத்து உருவாக்கிய கருவியைத் தூக்கிக்கொண்டு காடு காடாகப் போய்க் கறுப்பு வெள்ளையில் யானையையும் காட்டெருமையையும் எடுத்தவர். அயல்நாட்டு மரம் செடிகளை நம் காடுகளில் கொண்டுவந்து நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். படம் எடுக்கிறவனுக்குக் கருத்து வேண்டாம் என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு அவரைத்தான் நான் காட்டுவேன்.

விலங்குப் படத்திலும் இதே கதைதான். வரையாட்டை மூணாறு பக்கத்து ராஜமலையில் நல்ல மழை நாளில் பார்த்தேன். அங்கே வனத்துறைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், குறிப்பிட்ட சாலையில் மட்டும் நடக்க விடுகிறார்கள். குட்டி போடும் பருவத்தில் மூடிவிடுகிறார்கள். அன்று மேலே போனவர்கள் மஞ்சைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் சாலையோரச் சுவரில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் எதுவுமில்லை. பிறகு கல் உருளும் சத்தம். மஞ்சுக்குள் ஏதோ கறுப்பாக அசைந்தது. ஒரு காற்று வந்து திரையை விலக்கியது. சரிவில், ஐம்பதடி தூரத்தில், முதுகில் வெள்ளிச் சேணம் வைத்தது போன்ற முதிர்ந்த கிடா. ரோமத்தில் மழைத்துளி கோத்து நின்றது. வாயில் புல். என்னைப் பார்த்தது, அசைபோடுவதை நிறுத்தவில்லை. அதன் பின்னால் பாறை, பாறைக்குப் பின்னால் பள்ளம், பள்ளத்துக்குள் மஞ்சு. நாற்பது நொடி இருக்கும். திரை மூடிக்கொண்டது.

பெரிய லென்ஸ் இருந்தும் முகத்தை மட்டும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. சரிவு முழுவதையும் சேர்த்து எடுத்தேன்; கிடா படத்தில் கட்டைவிரல் அளவுதான். வரை என்றால் மலை. வரையை எடுத்துவிட்டு ஆட்டை மட்டும் காட்டினால் பெயரிலேயே பாதி போய்விடுகிறது. மேய்வதற்குப் புல், ஆபத்து வந்தால் ஏறிக்கொள்ளப் பாறை. இந்த இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தால்தான் அந்த விலங்குக்கு வாழ்வு. வால்பாறைச் சாலையிலோ வண்டியை நிறுத்தி, தின்பண்டத்தை நீட்டி, பக்கத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். கொம்பைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து, கைதானவர்களும் உண்டு.

வரையாடு நம் மாநில விலங்கு. அதற்காகத் தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் 2023-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள் எண்ணப்பட்டன. புல்வெளி மீட்பும் அந்தத் திட்டத்தின் பகுதி. முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் சீகையை வெட்டிப் புல்லை மீட்கும்போது "மரத்தை வெட்டுகிறார்களே" என்று முதலில் குரல் கொடுக்கப்போவது மலையை நேசிக்கிற மக்கள்தான். நாங்கள் காட்டிய படங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. அந்த நேரத்தில் அவர்கள் கையில் வேறு படங்கள் இருக்க வேண்டும்.

அதனால் நான் கேட்பது இது. பத்திரிகைகளும் சுற்றுலாத் துறையும் புகைப்படப் போட்டி நடத்துகிறவர்களும் பூக்காத புல்வெளிக்கு இடம் கொடுங்கள். பூ வந்த அன்று முதல் பக்கத்தில் கொடுக்கிற இடத்தை ஓர் ஆண்டு உறைபனியில் கருகிய அதே சரிவுக்குக் கொடுங்கள். பூச்செய்தி எழுதும்போது வழி எழுதாதீர்கள். மலையின் பெயர் போதும். மலைமாவட்டங்களில் கேமரா வைத்திருக்கிற ஒவ்வொருவரும், கைப்பேசி வைத்திருக்கிற பள்ளிப் பிள்ளைகள் உட்பட, சாலையிலிருந்து தெரிகிற ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்து, அடையாளமான ஓர் இடத்தில் நின்று, ஆண்டுதோறும் அதே மாதம் ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. அப்பாவின் படமும் அழகுக்காக எடுத்ததில்லை. ஆனால் 1976-ல் அங்கே புல் இருந்தது என்பதற்கு என்னிடம் அதைவிட்டால் வேறு சாட்சி கிடையாது.

2030-க்கு வனத்துறை இப்போதே திட்டம் போட வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் வந்துவிட்டது. வண்டியிலிருந்து இறங்கியவர் எங்கே கால் வைப்பார் என்பதற்குத்தான் இன்னும் வரம்பில்லை. ராஜமலையில் செய்வதுபோல் பூக்காலத்தில் குறிப்பிட்ட சாலை, குறிப்பிட்ட எண்ணிக்கை, கயிறு கட்டிய ஓரம் என்று கொண்டுவரலாம். சரிவுக்குள் இறங்க யாருக்கும் அனுமதி வேண்டாம், எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புகைப்படக்காரன் என்பதற்காக எனக்கு மட்டும் கால் காற்றில் மிதப்பதில்லை. விதை விழுந்து முடியும்வரை அந்தக் கயிறு அங்கேயே இருக்கட்டும். பூ வாடியதும் ஆட்களை விலக்கிக்கொள்வதுதான் வழக்கம், அது கூடாது.

எட்டு ஆண்டுகளாக ஜூலை மாதத்தில் அப்பாவின் மைல்கல்லுக்குப் போகிறேன். முதல் இரண்டு படங்களில் சீகை மட்டும்தான். மூன்றாம் ஆண்டு முதல் மடிப்பில் ஒரு பகுதியை வெட்டியிருந்தார்கள். படத்தில் செம்மண் தெரிகிறது. நாலாம் ஆண்டு அதே இடத்தில் ஆயிரக்கணக்கில் சீகைக் கன்று. மண்ணுக்குள் கிடக்கும் விதை அவ்வளவு. ஐந்தாம் ஆண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கன்றுகளைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதையும் எடுத்திருக்கிறேன். ஆறில் திட்டுத் திட்டாகப் புல்.

கடைசியாகப் போன அன்று நல்ல மழை. வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிற தம்பி ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுக் குடைக்குள் வந்தார். "பூ ஒண்ணும் இல்லையேண்ணா, எதை எடுக்கறீங்க?" என்றார். பையிலிருந்து அப்பா படத்தின் பிரதியை எடுத்து நீட்டினேன். மழை படாமல் உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, படத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். எருமைகள் நின்ற மூலையில் விரலை வைத்தார். "இது எங்க பாட்டன் காலத்துல மேய்ச்சல் இடம்னு சொல்வாங்க. நான் பார்த்ததில்லை" என்றார். பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டேன். சட்டைக்குள் வைத்துக்கொண்டு, முதல் மடிப்பின் இடது ஓரத்தைக் காட்டினார். அங்கே இடுப்பளவு சீகை மூன்று நின்றது. போன ஆண்டுப் படத்தில் அவை இல்லை. அடுத்த பிடுங்கலில் சேர்த்துவிடச் சொல்வதாகச் சொன்னார். வியூஃபைண்டரைத் துடைத்துக்கொண்டு, மஞ்சு விலகட்டும் என்று இரண்டு பேரும் நின்றோம்.